அசல் அல்ல

திரையின் வலது மூலையில்
ஏழு வருஷமாக ஒரே வாக்கியம்:
உங்கள் பிரதி அசல் அல்ல.
யாரும் சங்கடப்பட்டதில்லை.
செக்போஸ்ட்டில் கேட்டால் பார்த்துக்கலாம்
என்பார் மைதீன் பிச்சை முதலாளி.

போன ஆனியில், சாரல் தொடங்கிய ராத்திரி,
பதினோரு கம்ப்யூட்டரில் ஒன்பது
தாமாகப் பூட்டிக்கொண்டன.
எங்கிருந்தோ ஒருவன்
டாலரில் கேட்டான் திறப்புக்கூலி.
ஆரியங்காவுக்குப் போகிற வைக்கோல் லோடுக்கு
வாடகையையே மூன்று தவணையாய் வாங்குகிற எங்களிடம்.
புளியரை முழுக்கக் கார்பன் பேப்பர் தேடினேன்.
அப்படின்னா என்னக்கா என்றான்
ஜெராக்ஸ் கடைப் பையன்.

பிந்துஜா வந்தாள் புனலூரிலிருந்து,
பாசஞ்சரில் பகவதிபுரம் இறங்கி,
வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ்.
"லினக்ஸ் சேச்சி. ஸ்கூலிலேயே
எங்களுக்கு இதுதான் பாடம்."
முதலாளி கேட்டார்: ஓசியா?
"காசும் இல்லை, பூட்டும் இல்லை.
உள்ளே எழுதியிருக்கிறதை
யார் வேணா திறந்து பார்க்கலாம்."
அப்ப யார் பொறுப்பு?
"பார்க்கிற எல்லாரும்."
அப்ப ஒருத்தனும் இல்லை என்றார்.
ஆனாலும் அவளுக்குப் பருப்புவடை சொன்னார்.

மூன்று நாள்.
மவுஸை எங்கே வைத்தாலும் கை பழைய இடத்துக்கே போனது.
பில் அடிக்கும் பிரிண்டர்
ஒரு முழ நீளம் வெற்றுத்தாளைத் துப்பிவிட்டு
முனகி நின்றது.
கண்டெய்னர் பிரிவு செய்யதலி
பழைய பச்சைப் புல்வெளிப் படத்தைக் கேட்டு
ஒரு மத்தியானம் வேலையே செய்யவில்லை.

நாலாம் நாள் பழைய சிடி ஒன்றைத் திறந்தாள்.
டிரைவர் லிஸ்ட். நான்தான் அடித்தது,
வேலைக்குச் சேர்ந்த வருஷம்,
இப்போது யாரிடமும் இல்லாத ஒரு எழுத்துருவில்.
திரை முழுக்கக் கொக்கி, கூரை போட்ட ஓ,
பவுண்டு, யென், தலைகீழ்க் கேள்விக்குறி.
"இது எந்து பாஷை?"
தமிழ்தான் என்றேன். வெட்கமாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு
வெறும் மேஜைமேல் விரலால் அடித்துப் பார்த்தேன்.
ஆவுடையப்பன்.
எந்தப் பொத்தான் எந்த எழுத்து என்று
நான் மறந்திருந்தேன், சுண்டுவிரல் மறக்கவில்லை.
யென் வந்தால் ழ. இரண்டு கொக்கி வந்தால் லை.
நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு பட்டியல் போட்டாள்,
ஏதோ நாலு வரி எழுதினாள், தட்டினாள்.
குப்பையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்:
குத்தாலிங்கம், சேக் உதுமான்,
சங்கிலிமாடன் (ராத்திரி வண்டி வேண்டாம்),
பரமார்த்தலிங்கம்.

தென்மலை வளைவில் போனவர்.
கோட்டைவாசல் கருப்பனுக்குத் தேங்காய் உடைக்காமல்
ஒருநாளும் மலை ஏறாதவர், அன்றைக்கும் உடைத்திருந்தார்.
பெயருக்கு நேரே, என் கையால்:
பாக்கி தர வேண்டியது 3,450.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கோமு, இது கொடுத்தோமா?
தெரியலை பாய்.
ஏன் தெரியலை என்று அவர் கேட்கவில்லை.
சாயங்காலம் கடையநல்லூர் போகும் வண்டியில்
ஒரு கவர் போனது. எவ்வளவு வைத்தார் என்று
எந்த ஃபைலிலும் இல்லை.

இப்போது பத்து மெஷினில் பறவைப் படம்.
காலையில் சீக்கிரம் எழுகின்றன, அவ்வளவுதான்.
புரியாதபோது பிந்துஜாவுக்கு போன் போடுவேன்;
"சேச்சி, சிவப்பு எழுத்தை வாயிச்சோ?" என்பாள்,
எப்போதும் நான் வாசித்திருக்க மாட்டேன்.

தென்காசி ஆடிட்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
அவர் கணக்கு சாஃப்ட்வேர் பழையதில்தான் ஓடுமாம்.
அதற்காக ஒன்றை விட்டுவைத்திருக்கிறோம்,
ஜன்னலோரம், என் மேஜையில்.
சாரல் அடிக்கிற நாளில் பாலித்தீன் போட்டு மூடுவேன்.
அதற்குள்ளிருந்தும் மங்கலாகத் தெரியும்,
வலது மூலையில்,
அந்த ஒரு வரி.